அஸ்டாக்சாந்தின் கேப்சூலில் 4 மி.கி. என்றால் எவ்வளவு?

அஸ்டாக்சாந்தின் என்பது சப்ளிமெண்டாக விற்கும் ஒரு சிவப்பு நிறமி. டப்பாவில் "அஸ்டாக்சாந்தின் 4 மி.கி." என்று போட்டிருக்கும். அந்த 4 எதைக் குறிக்கிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பாசி உண்டாக்கும் அஸ்டாக்சாந்தினில் தனி நிலையில் இருப்பது சுமார் 5% மட்டுமே. மற்றதெல்லாம் கொழுப்பமிலத்தோடு சேர்ந்த எஸ்டர். தனி அஸ்டாக்சாந்தினின் மூலக்கூறு எடை சுமார் 597. ஓலியிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் ஒன்று ஒட்டிக்கொண்டால் 861, இரண்டு ஒட்டினால் 1,126. ஒற்றை எஸ்டரின் எடையை 4 மி.கி. என்று எழுதினால் உள்ளே இருக்கும் அஸ்டாக்சாந்தின் 2.8 மி.கி.தான். இரட்டை எஸ்டர் என்றால் 2.1. இன்னும் சிலர் நிறமி கலந்த எண்ணெயின் எடையை வைத்து "ஓலியோரெசின் 40 மி.கி." என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். 10% ஓலியோரெசின் என்றால் அதில் 4 மி.கி. இருக்கும், 5% என்றால் 2 மி.கி.தான். எனவே முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த எண் தனி அஸ்டாக்சாந்தின் கணக்கா, எஸ்டர் கணக்கா, எண்ணெய்க் கணக்கா?

இரண்டாவது கேள்வி, எப்படி அளந்தார்கள் என்பது. அதற்கு முன் இந்தப் பொருள் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், எந்த இடத்தில் தரம் கெடும் என்பது தானாகவே பிடிபடும்.

பச்சையில் இருந்து சிவப்புக்கு

ஹேமட்டோகாக்கஸ் புளூவியாலிஸ் நன்னீரில் வாழும் பச்சைப்பாசி. புதிய வகைப்பாட்டில் ஹேமட்டோகாக்கஸ் லகுஸ்ட்ரிஸ் என்றும் எழுதுகிறார்கள். சான்றிதழில் எந்தப் பெயர் இருந்தாலும் பாசி ஒன்றுதான். வசதியாக இருக்கும்வரை இரண்டு கசையிழைகளோடு (வால் போன்ற நுண்ணிழைகள்) நீந்திக்கொண்டு பச்சையாகவே இருக்கும். உணவு தீர்ந்து, வெயில் ஏறினால் கசையிழையை விட்டுவிட்டு, உருண்டு, தடித்த சுவர் கட்டிக்கொண்டு, உள்ளே எண்ணெய்த் துளிகளில் அஸ்டாக்சாந்தினைச் சேர்த்துவைக்கும். உற்பத்தி முழுவதும் இந்த இரண்டு கட்டங்களைப் பிரித்து நடத்துவதில்தான் இருக்கிறது.

பச்சைக் கட்டத்தில் வெப்பம் 20 முதல் 25 டிகிரி, பி.எச். 7ஐ ஒட்டி, ஒளி சதுர மீட்டருக்கு வினாடிக்கு 50 முதல் 100 மைக்ரோமோல் (ஒளித்துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) போதும். பி.எச். ஏறும்போதெல்லாம் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் விட்டால் சரியாகிவிடும். காற்றை வேகமாகக் குமிழியிடக் கூடாது. நீந்தும் செல்கள் மென்மையானவை, பம்பின் உரசலையே தாங்காது. வெப்பம் 28, 30 டிகிரியைத் தொட்டால் பாசி நேரத்துக்கு முன்பே உருண்டு சிவக்கத் தொடங்கும். புதிதாகச் செய்பவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அது நட்டம். எண்ணிக்கை பெருகுவதற்குள் பெருக்கமே நின்றுவிடுகிறது.

மீடியம் (பாசி வளரும் சத்துக்கரைசல்) தேர்விலும் ஒரு சிக்கல் உண்டு. போல்ட்ஸ் பேசல் மீடியத்தில் லிட்டருக்கு சோடியம் நைட்ரேட் 0.25 கிராம். பி.ஜி.-11 என்ற மற்றொரு மீடியத்தில் 1.5 கிராம், அதாவது ஆறு மடங்கு. பி.ஜி.-11ல் வளர்த்த கல்ச்சரை (பாசி வளரும் நீரை) அப்படியே வெயிலுக்கு மாற்றினால் மிச்சமிருக்கும் நைட்ரேட் தீரும்வரை செல் பச்சையாகவே இருக்கும். அந்த நாட்களில் வேறு பாசிகளும் அமீபாக்களும் உள்ளே புகுந்துவிடும். நைட்ரேட் ஸ்டிரிப்பை நனைத்துப் பார்த்து, நிறம் கிட்டத்தட்ட தெரியாத நிலை வந்த பிறகு மாற்றுவதே சரி. அல்லது நைட்ரேட் இல்லாத மீடியத்தில் கலக்கி மெலிதாக்க வேண்டும்.

சிவப்புக் கட்டத்தில் ஒளி 300 மைக்ரோமோலுக்கு மேல். சிலர் உப்பும் சேர்ப்பார்கள், 0.2 முதல் 0.8 சதவீதம் வரை. மேல் எல்லைக்குப் போகப் போக சாகும் செல்களும் கூடும். நான் உப்பில்லாமல் நைட்ரேட் பட்டினியும் ஒளியும் மட்டும் போதும் என்ற கட்சி. இங்கே கவனிக்க வேண்டியது மொத்த ஒளியைவிட ஒரு செல்லுக்குக் கிடைக்கும் ஒளி. கல்ச்சர் அடர்த்தியாக இருந்தால் வெளிப்புறச் செல்கள் சிவக்கும், உள்ளே இருப்பவை பச்சையாகவே கிடக்கும். மொத்தத்தில் பழுப்பு நிறம் வரும். மெலிதாக இருந்தால் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் கருகி வெளுத்துவிடும். வெளுத்த செல் திரும்பி வராது. இந்தக் கட்டத்தில் எண்ணிக்கை பெரிதாக ஏறாது. ஆனால் செல் எண்ணெயும் மாவுப்பொருளும் சேர்த்துப் பெருப்பதால் உலர் எடை இரண்டு மூன்று மடங்காகும். ஐந்து முதல் பத்து நாட்களில் உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் அஸ்டாக்சாந்தின் வந்தால் நல்ல அறுவடை.

எல்லோரும் பயப்படுவது பாராஃபைசோடெர்மா செடெபோகெரென்ஸே என்ற பூஞ்சை ஒட்டுண்ணிக்குத்தான். நேற்றுவரை நன்றாக இருந்த கல்ச்சர் கட்டிகட்டியாகச் சேர்ந்து அடியில் படியும், நிறம் மங்கிப் பழுப்பாகும். ஒரு துளியை 400 மடங்கில் பார்த்தால் செல்லின் மேல் சின்னச் சின்ன நிறமற்ற மொட்டுகள் ஒட்டியிருக்கும், பக்கத்தில் உள்ளே எதுவுமில்லாத ஓடுகள் மிதக்கும். அதன் பிறகு காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. பெரும்பகுதி சிவந்திருந்தால் அன்றே அறுவடை செய்ய வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட்டு குழாய் முழுவதையும் ஹைட்ரஜன் பெராக்சைடோ ஹைப்போகுளோரைட்டோ விட்டுக் கழுவ வேண்டும். தினமும் மைக்ராஸ்கோப் பார்க்கும் பழக்கமுள்ள இடங்களில் மட்டும்தான் இது முன்கூட்டியே தெரியவரும்.

ஹவாயில் திறந்த குளத்திலும், இஸ்ரேலின் அரவா பாலைவனத்தில் கண்ணாடிக் குழாய்களிலும், சுவீடனில் கட்டடத்துக்குள் மூடிய தொட்டிகளிலும் இதை வளர்க்கிறார்கள். எந்த முறை உயர்ந்தது என்ற விளம்பரச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. திறந்த குளம் என்றால் நீலப்பச்சைப் பாசியின் மைக்ரோசிஸ்டின் நச்சுக்கும் கன உலோகங்களுக்கும் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கூடுதலாகப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

செல்லின் சுவரை உடைப்பது

சிவந்த செல் கனமானது. கலக்குவதை நிறுத்தினால் தானே அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, மிச்சத்தை சென்ட்ரிஃபியூஜில் விட்டால் போதும். அறுவடை சுலபம், சிக்கல் அடுத்த படியில்தான். அந்தச் சுவர் அமிலத்துக்கும் கரையாத பொருளால் ஆனது. உடைக்காமல் விட்டால் எண்ணெய் எடுக்கும் கருவியிலும் வெளியே வராது, குடலிலும் வராது. கேப்சூலில் இருந்த 4 மி.கி.யில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். "பாசிப் பொடி" என்று விற்கும் கேப்சூல்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஹோமோஜனைசரில் (கூழை அழுத்தத்தோடு நுண்துளை வழியே தள்ளிச் செல்லை உடைக்கும் கருவி) 700 முதல் 1,000 பார் அழுத்தத்தில் இரண்டு முறை விடுவது வழக்கம். நூறு பாருக்குச் சுமார் 2.5 டிகிரி வெப்பம் ஏறும். 800 பார் என்றால் ஒரு முறைக்கே 20 டிகிரி. அதனால் கூழை 5 முதல் 10 டிகிரிக்குக் குளிரவைத்துத்தான் உள்ளே விட வேண்டும், நடுவிலும் குளிர்விக்க வேண்டும். உடைந்த நொடியிலிருந்து நிறமி காற்றுக்கு வெளிப்பட்டுவிடுகிறது; உலர்த்துவதைச் சில மணி நேரம் தள்ளிப்போட்டாலே இழப்பு தொடங்கும். ஈரம் 5 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் வெற்றிடப் பையிலோ நைட்ரஜன் நிரப்பிய பையிலோ அடைத்து, இருட்டில், குளிரில் வைக்க வேண்டும்.

உடைந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. கொஞ்சம் பொடியைக் குளிர்ந்த அசிட்டோனில் போட்டுக் குலுக்கி, தெளிந்த திரவத்தின் நிறத்தை அளக்க வேண்டும். அதே எடைப் பொடியை 70 டிகிரி டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் வைத்து, முழு நிறமியையும் இழுத்து மறுபடி அளக்க வேண்டும். முதல் அளவு இரண்டாவதில் 90 சதவீதத்துக்குக் குறைந்தால் உடைப்பு போதவில்லை. மைக்ராஸ்கோப்பிலும் தெரியும்: உடைந்தது கிழிந்த கண்ணாடி ஓடு மாதிரி கிடக்கும், உடையாதது முழுச் சிவப்பு உருண்டையாக நிற்கும்.

பிறகு எண்ணெயை இழுக்க சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடு (அழுத்தத்தில் கரைப்பானாகும் வாயு), 350 முதல் 550 பார், 50 முதல் 70 டிகிரி. கூடவே கொஞ்சம் எத்தனாலோ தாவர எண்ணெயோ விட்டால் இழுப்பு கூடும். வருவது கருஞ்சிவப்பான பிசுபிசுப்பு. அதைத் தாவர எண்ணெயில் மெலிதாக்கி 5% அல்லது 10% ஓலியோரெசினாக்கி, டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) சேர்த்து, சாஃப்ட்ஜெல்லில் அடைப்பார்கள்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,000 லிட்டரில் லிட்டருக்கு 1 கிராம் உலர் எடை, அதில் 3% என்றால் அஸ்டாக்சாந்தின் 30 கிராம். அறுவடையில் 5%, உடைத்து உலர்த்துவதில் 10%, எண்ணெய் எடுப்பதில் 10% போனால் மிச்சம் சுமார் 23 கிராம். கெட்டுப்போவதை ஈடுகட்ட 5% கூடுதலாக அடைத்தால் 4 மி.கி. கேப்சூல் சுமார் 5,500 கிடைக்கும். இவ்வளவு உழைப்புக்குப் பிறகு வரும் எண் இது என்பதால்தான் மிக மலிவாகக் கிடைக்கும் "இயற்கை" அஸ்டாக்சாந்தினை நான் நம்புவதில்லை.

அளக்கும் முறை

கல்ச்சரை அன்றாடம் கவனிக்க ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) போதும். 5 மி.லி. கல்ச்சரை சென்ட்ரிஃபியூஜ் செய்து, 5% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த 30% மெத்தனாலில் 65–70 டிகிரியில் சில நிமிடம் வைத்தால் குளோரோஃபில் கரைந்துவிடும். அந்தப் பச்சை நீரைக் கொட்டிவிட்டு, சில துளி அசிட்டிக் அமிலம் விட்டு, 5 மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வில் சூடாக்கி, வண்டல் வெள்ளையாகும்வரை இழுக்க வேண்டும். 490 நானோமீட்டரில் கிடைக்கும் அளவை 4.5ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று வரும். பத்து மடங்கு மெலிதாக்கிய சாம்பிள் 0.6 காட்டினால் 0.6 × 10 × 4.5 = 27 மி.கி.; உலர் எடை 0.9 கிராம் என்றால் 3%. வண்டலில் இளஞ்சிவப்பு மிச்சம் இருந்தால் அந்த எண் குறைவாகத்தான் வந்திருக்கும்.

விற்பனைப் பொருளுக்கு இந்த முறை போதாது. நிறத்தை அளப்பது பீட்டா கரோட்டின், லூட்டின், கேந்தாக்சாந்தின் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். மொத்த கரோட்டினாய்டில் அஸ்டாக்சாந்தின் 85% என்றால், 10% என்று எழுதிய எண்ணெயில் உண்மையில் 8.5% இருக்கும். நிற அளவை எடையாக மாற்றும் கெழுவை 2,220க்குப் பதில் 2,100 என்று எடுத்தாலே இன்னொரு 6% கூடிவிடும். யாரும் பொய் சொல்லாமலேயே எண் வீங்குகிறது.

சரியான வழி எச்.பி.எல்.சி. (கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்து அளக்கும் முறை). எஸ்டரை உடைத்துத் தனி அஸ்டாக்சாந்தினாக்கி அளக்க வேண்டும். இங்கே காரத்தைப் பயன்படுத்தினால் அஸ்டாக்சாந்தின் அஸ்டசீன் என்ற வேறு பொருளாக மாறிவிடும். அதனால் கொலஸ்ட்ரால் எஸ்டரேஸ் என்சைமை 37 டிகிரியில் சுமார் 45 நிமிடம் வேலைசெய்ய விட்டு, பிறகு சி-30 காலம் என்ற பிரிப்புக் குழாயில் பிரிப்பார்கள். வரும் வரைபடத்தில் அஸ்டாக்சாந்தினின் மூன்று வடிவங்கள் தனித்தனி உச்சங்களாகத் தெரியும்; 9-சிஸ் உச்சத்தை 1.1ஆலும் 13-சிஸ் உச்சத்தை 1.3ஆலும் பெருக்கி டிரான்ஸ் உச்சத்தோடு கூட்ட வேண்டும். என்சைம் பழசாகி வலுவிழந்திருந்தால் எஸ்டர் உச்சங்கள் அந்த வரைபடத்தின் (குரோமடோகிராம்) கடைசியில் அப்படியே நிற்கும். ஆகவே அறிக்கையின் எண்ணோடு நிற்காமல் குரோமடோகிராமையும் கேட்டு வாங்க வேண்டும்.

அசலா என்று அறிய, சிலிகா பூசிய தகட்டில் எண்ணெயைப் புள்ளியாக வைத்து ஹெக்சேன்–அசிட்டோன் கரைப்பானை ஏறவிட்டாலே பாதி விடை வந்துவிடும். பாசி எண்ணெயில் மேலே இரட்டை எஸ்டர், நடுவில் பெரிதாக ஒற்றை எஸ்டர், கீழே மெலிதாகத் தனி அஸ்டாக்சாந்தின் நிற்கும். செயற்கைச் சரக்கில் வழக்கமாகக் கீழே ஒரே புள்ளிதான். ஐயம் தீர கைரல் காலமில் (மூலக்கூறின் இட-வல வடிவங்களைப் பிரிக்கும் குழாய்) பார்க்க வேண்டும்: ஹேமட்டோகாக்கஸ் 3எஸ்,3'எஸ் வடிவத்தைத் தரும், ஃபாஃபியா ஈஸ்ட் 3ஆர்,3'ஆர் தரும், செயற்கையில் 3எஸ்,3'எஸ், மீசோ, 3ஆர்,3'ஆர் மூன்றும் 1:2:1 என்று கலந்திருக்கும். கார்பன்-14 சோதனையை (கார்பன் உயிரியிலிருந்து வந்ததா, பெட்ரோலியத்திலிருந்தா என்று பார்ப்பது) மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பாசிக்கு ஊட்டிய கார்பன் டை ஆக்சைடு பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஆலையிலிருந்து வந்திருந்தால், அசல் பாசியும் செயற்கை மாதிரியே காட்டும்.

கேப்சூல் கையில் இருப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒன்றை வெட்டி முகர்ந்து பாருங்கள்; வார்னிஷ் வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. நிறத்தை வைத்து அசலா போலியா என்று கண்ணால் சொல்ல முடியாது. வைட்டமின் சி-யைவிட 6,000 மடங்கு என்ற விளம்பர வரி, சிங்லெட் ஆக்சிஜன் என்ற வினைமிகு ஆக்சிஜனை அணைக்கும் சோதனைக்குழாய் அளவீட்டிலிருந்து வந்தது. உடம்பில் அந்த மடங்கு பலன் என்று அர்த்தமில்லை. அளவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல் பெரியவர்களுக்கும் 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சப்ளிமெண்டிலிருந்து நாளுக்கு 8 மி.கி. வரை பாதுகாப்பானது என்றது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் வெறும் வயிற்றில் போடாமல் எண்ணெயோ கொழுப்போ உள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

மொத்தமாக வாங்குபவர்கள் பேட்ச் எண் உள்ள சான்றிதழோடு, ஆயுட்காலத்தின் முடிவில் அதே பொருளை மறுபடி அளந்த அறிக்கையையும் கேளுங்கள். அடைத்த அன்றைய எண் எல்லோரிடமும் நன்றாகவே இருக்கும். 24 மாதம் கழித்து எடுத்த எண்ணும் பெராக்சைடு அளவும் (எண்ணெய் எவ்வளவு கெட்டது என்ற அளவு) தர முடிகிறவர்களிடம் வாங்குங்கள்.