நாற்பது அடிச் சாலை

5 நவம்பர் 2023
தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. தியாகராய நகர் உஸ்மான் சாலைக்குத் துணி எடுக்க வந்தவர்களின் வண்டியெல்லாம் எங்கள் தெருவில்தான். கேட்டைத் திறக்க வழியில்லை. அத்தைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்த பையன் வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். இப்போதே இப்படி. எங்கள் தெருவில் கட்டிக்கொண்டிருக்கும் அந்த உயர்மாடிக் கடையும் வந்துவிட்டால்?

9 நவம்பர்
மழை. கடைக்குத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ராப்பகலாக ஓடுகிறது.

12 நவம்பர்
தீபாவளி. இன்றைக்கு மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். பட்டாசுச் சத்தத்திலும் அத்தை மதியம் அசந்து தூங்கினார்.

16 நவம்பர்
தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்த, கடையின் கட்டட அனுமதிக் கோப்பின் நகல் தபாலில் வந்தது. மூன்றாம் வீட்டு சார் திண்ணையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு தாளாகப் படித்தார். ஒரு தாளில் விரலை வைத்து, “இதைப் பாரும்மா” என்றார். முகப்புச் சாலையின் அகலம் 12.2 மீட்டர். அதாவது நாற்பது அடி.

18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயர்மாடிக் கட்டடம். 2019 கட்டட விதிகளின்படி அதற்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும். அந்த நாற்பது அடிதான் இந்தக் கடைக்கு அஸ்திவாரமே.

சாயங்காலம் டேப் எடுத்துக்கொண்டு இறங்கினோம். இஸ்திரிக்கடை அண்ணன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு, தெருமுனையில் முப்பத்தோரு அடி. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருபத்தொன்பதரை. மழைநீர் வடிகாலையும் சேர்த்துத்தான். பிள்ளையார் கோவில் அருகே இன்னொரு தடவை அளந்தோம். எங்கேயும் நாற்பது இல்லை.

17 நவம்பர்
நாற்பது அடி. தூக்கம் வரவில்லை.

24 நவம்பர்
பின்கட்டுச் சுவரில் விரிசல். ஜன்னல் மூலையில் தொடங்கித் தரை வரை இறங்குகிறது. பென்சிலால் முனையில் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன்.

இந்தப் பேட்டையே ஏரி. நூறு வருஷத்துக்கு முன்னால் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். குடியிருக்க வீடுகள், நடுவில் பனகல் பூங்கா, சுற்றிலும் மரம் வைத்த சாலைகள். அந்த மண்ணில் இரண்டு அடித்தளம் தோண்டி ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருந்தால் பக்கத்து வீடுகள் எதன்மேல் நிற்கும்? எங்கள் கிணற்றில் வாளி இப்போது அடித்தரையில் தட்டுகிறது. கார்த்திகை மாதத்தில்!

4 டிசம்பர்
புயல். கரண்ட் இல்லை. சிலிண்டர் நாளை காலை வரைதான் தாங்கும். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பள்ளத்தின் தகரத் தடுப்பு சாய்ந்துவிட்டது. சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மாடியிலிருந்து டார்ச் அடித்து அடித்துப் பார்க்கிறேன். யாரும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது.

5 டிசம்பர்
சிலிண்டர் வந்தது. தெரிந்த பால்காரர் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளத்தில் மண் சரிந்து ஆட்கள் சிக்கியிருக்கிறார்களாம்.

8 டிசம்பர்
வேளச்சேரிப் பள்ளத்திலிருந்து உடல்களை எடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போனவர்கள். டிவியை அணைத்துவிட்டேன். பிறகு வாசலில் போய் நின்றேன். எங்கள் பள்ளத்திலும் பையன்கள் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். கடைக்கு எதிராக நாங்கள் கோர்ட்டில் போடப்போகும் மனு அவர்களுக்கும் சேர்த்துத்தான். இதை வக்கீலிடம் சொல்ல வேண்டும்.

19 டிசம்பர்
வக்கீல் கேட்ட முதல் கேள்வி: “எந்த மட்டம் வரை கட்டியிருக்கிறார்கள்?” தரைமட்டத்துக்கு வருவதற்குள் தடை வாங்க வேண்டும் என்கிறார். மேலே எழும்பிவிட்டால் அபராதம், வரன்முறை (விதிமீறலைப் பணம் கட்டிச் சரியாக்கிக்கொள்வது) என்று பேச்சு மாறிவிடும். இந்த ஊரில் அதை நாங்கள் பார்த்துவிட்டோம். 1999-க்கு முந்தைய விதிமீறல்களுக்கு மட்டும் என்று தொடங்கிய வரன்முறைச் சலுகை, வருஷா வருஷம் நீண்டது. 2017 மே 31 அன்று தெற்கு உஸ்மான் சாலையில் துணிக்கடை எரிந்தபோது ஒரு நாளைத் தாண்டியும் புகை நின்றபாடில்லை. அது அகலமான சாலை. எங்கள் முப்பது அடியில் தீயணைப்பு வண்டி திரும்பக்கூட முடியாது.

2 ஜனவரி 2024
கூட்டத்துக்கு எதிர்வீட்டுக்காரர் வரவில்லை. வீட்டைக் கடைக்குக் கிடங்காக வாடகைக்கு விடப்போகிறாராம். என் கல்யாணத்துக்கு அவர் வீட்டு வாசலில்தான் பந்தல் போட்டோம். நாளைக்கு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மாடி வீட்டு மாமி, “நான் இங்கதான்டி சாவேன், எங்க வேணா போடறேன்” என்று சொல்லி ஒவ்வொரு பக்கத்திலும் போட்டார்.

11 ஜனவரி
இரு தரப்பும் இருக்கும்போது சாலையை அளந்து அறிக்கை கொடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு! அத்தையிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “ஜெயிச்சாச்சா?” என்றார். “இல்லை அத்தை, அளக்க வருவார்கள்” என்றேன். “அளக்கத்தானே நீ ராத்திரியெல்லாம் புலம்பின” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

15 ஜனவரி
பொங்கல். வாசல் கோலத்தின்மேல் ஜல்லி லாரி ஏறிவிட்டது. பண்டிகை நாளில்கூட.

27 ஜனவரி
விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது. புதுக்கோடு போட்டேன்.

2 பிப்ரவரி
வந்தார்கள். சர்வேயர், கடைத் தரப்பில் நான்கு பேர், தெருவே வாசலில். முதலில் தெருமுனை வளைவில், இருக்கிற இடங்களிலேயே அகலமான இடத்தில், டேப்பை வைத்தார்கள். மூன்றாம் வீட்டு சார் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் சொன்னார்: “மனைக்கு முன்னால அளங்க தம்பி.” கடைத் தரப்பு மறுத்தது. சர்வேயர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு மனை முன்னால் வந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். எண்ணைக் கண்ணால் பார்த்தேன்: 9.1.

அவர் அதை எழுதினார். எங்கள் எதிரில் எழுதினார்.

5 பிப்ரவரி
அறிக்கை இன்னும் தாக்கலாகவில்லை. மோட்டார் ஓடுகிறது.

6 பிப்ரவரி
கம்பி கட்டும் ஆட்கள் கூடுதலாக வந்திருக்கிறார்கள். ராத்திரியிலும் விளக்குப் போட்டு வேலை. தூணின் கம்பிகள் தரைக்கு மேல் தெரிகின்றன. தேதியோடு படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். காலையில் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்ய வேண்டும். அத்தைக்கு ராத்திரி இரண்டு மணி நெபுலைசர்