புதுத் தொட்டியில் என்னென்னவோ முளைத்த கதை

சிலிக்கான் ஒட்டிய மூலைகள் நீலமாக இருக்கும் மீன் தொட்டியை எங்காவது பார்த்தால், அதன் சொந்தக்காரர் ஒருநாள் பயந்துபோய் மருந்து ஊற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். என் தொட்டியும் அந்த ரகம்தான்.

சென்னை கொளத்தூரில் வாங்கிய இரண்டடித் தொட்டி. மணலும் மரக்கட்டையும் போக 60 லிட்டர் பிடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு எல்இடி விளக்கு, ஒரு கைப்பிடி ஜாவா மாஸ், நாலைந்து கொத்து வேலிஸ்னேரியாச் செடி. மீன் கிடையாது. முதலில் தண்ணீர் பழகட்டும், மீனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கழிவை மாற்றும் பாக்டீரியா வளர அம்மோனியா உண்டாக வேண்டுமே என்று தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டேன். அது கொஞ்சம் பெரிய சிட்டிகை என்பது பின்னால்தான் தெரிந்தது.

5ஆம் நாள் காலையில் மரக்கட்டை முழுக்க வெள்ளையாக ஏதோ போர்த்தியிருந்தது. ராத்திரி இல்லை, காலையில் இருக்கிறது. சில இடங்களில் பஞ்சு மாதிரி, சில இடங்களில் கண்ணாடிபோல வழவழவென்று. விரலால் தொட்டேன். ஊறவைத்த சப்ஜா விதையைத் தொட்டால் வழுக்குமே, அதே வழுக்கல். இரண்டு நாளில் அது கட்டையின் நுனியிலிருந்து தாடிபோலத் தொங்க ஆரம்பித்தது. போட்டோ எடுத்துக்கொண்டுபோய் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “பங்கஸ் சார். இத ரெண்டு மூடி ஊத்துங்க, காலையில பாருங்க.”

ஊற்றினேன். காலையில் பார்த்தால் தொட்டியே உஜாலா கலந்த வாளி. மெத்திலீன் புளூ. மீன் முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும், நோய்ப்பட்ட மீனைத் தனியாக வைத்துக் குளிப்பாட்டவும் அது நல்ல மருந்து. வளர்ந்துகொண்டிருக்கும் தொட்டிக்குள் ஊற்றுவதற்கானது இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைத்தான் இத்தனை நாள் வளர்க்கப் பார்த்தேன், அதையே அது அடித்துவிட்டது. 7ஆம் நாள் டெஸ்ட் கிட்டில் லேசாக ஊதா காட்டிய நைட்ரைட் மறுபடி பூஜ்யம். அம்மோனியா 2 பிபிஎம்மில் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) போய் உட்கார்ந்துகொண்டு பத்து நாள் அசையவில்லை. ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு நீலத்தை உறிஞ்ச வைத்தேன். தண்ணீர் தெளிந்தது, சிலிக்கான் தெளியவில்லை.

12ஆம் நாள் அந்த வெள்ளை திரும்ப வந்தது. முன்பைவிடத் தாராளமாக.

அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். புதுக் கட்டையிலிருந்து கசியும் சர்க்கரைச் சத்தைத் தின்ன வரும் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து போடும் படலம் அது. சத்து தீர்ந்ததும் தானாகப் போய்விடும். மீனுக்குக் கெடுதல் இல்லை. நத்தைக்கும் இறாலுக்கும் அது விருந்து. கட்டையை முதலில் கொதிக்கவைத்துப் போட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. என் கட்டை எந்தப் பாத்திரத்திலும் நுழையாது என்று கொதிக்கவைக்காமல் விட்டதும் நான்தான். பழைய டூத் பிரஷால் தேய்த்து, ட்யூப் வைத்து உறிஞ்சி எடுத்தேன். மூன்று முறை எடுத்ததும் நின்றுவிட்டது.

அடுத்தது பழுப்பு. 16ஆம் நாள் கண்ணாடி, இலை, மணல் எல்லாவற்றிலும் சுக்குப் பொடி தூவிய மாதிரி. இந்த முறை கடைக்குப் போகவில்லை. விரலால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டேன், சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது. பச்சைப்புள்ளிப் பாசி என்றால் நகத்தால் சுரண்டினாலும் போகாது. மகளிடம் ஒரு ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. 140 மடங்கு பெருக்கிக் காட்டும். அழுக்கில் ஒரு சொட்டு எடுத்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தோம்.

அழுக்கு முழுக்கப் படகு. இரண்டு முனையும் கூர்மையான, பொன்னிறமான, கண்ணாடிப் படகுகள். துடுப்பு எதுவும் இல்லாமல் ஒன்று நேராக முன்னே போகிறது, ஒரு கணம் நிற்கிறது, வந்த வழியே பின்னால் போகிறது. மகள் பத்து நிமிஷம் திருப்பித் தரவில்லை. டயட்டம். சிலிக்காவால் கூடு கட்டிக்கொள்ளும் பாசி இனம். எங்கள் போர் தண்ணீரிலும் சிலிக்கா உண்டு, போட்டியாளர்கள் இல்லாத புதுத் தொட்டி வேறு, கேட்கவா வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. முன்கண்ணாடியை மட்டும் துடைத்தேன். மூன்று வாரத்தில் காணாமல் போனது.

இதற்கிடையில் வேலிஸ்னேரியா இலையின் அடியில் ஜெல்லிச் சொட்டு ஒன்று, உள்ளே புள்ளி புள்ளியாக. நத்தை முட்டை. செடியோடு வந்த இலவச இணைப்பு, விட்டுவிட்டேன்.

24ஆம் நாள் கண்ணாடியில் வெள்ளைப் புழுக்கள். நூலைவிட மெல்லியவை, நெளிந்து நெளிந்து நீந்துகின்றன. மீன் வளர்க்கும் நண்பன் போட்டோவைப் பார்த்துவிட்டு “பிளனேரியாடா, பூச்சி மருந்து போடு” என்றான். நாய்க்குட்டிக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலைச் சொன்னான். அது சில நத்தைகளுக்கும் ஆகாது. நீலம் ஒருமுறை ஊற்றியவன் என்பதால் முதலில் லென்ஸை எடுத்தேன். பிளனேரியா தட்டையாக இருக்கும், அம்பு முனை போன்ற தலையில் இரண்டு கண்புள்ளி இருக்கும், கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும். என்னுடையதற்குத் தலையே தெரியவில்லை, வழுக்கவும் இல்லை, நெளிந்தது. மணலில் கிடக்கும் மிச்சத்தைத் தின்னும் சாதாரணப் புழு. அந்த மிச்சம் என் பெரிய சிட்டிகை. மணலைச் சைபன் செய்து, தீனியைப் பாதியாக்கினேன். புழுவும் பாதியானது.

29ஆம் நாள் வந்ததுதான் எனக்குப் பிடித்தது. “கண்ணாடியில நூல் ஒட்டியிருக்கு, துடைக்கக்கூடாதா?” என்றாள் மனைவி. அரை அங்குலம்கூட இல்லாத பச்சை நூல். நுனியில் ஐந்தாறு மயிரிழை விரிந்திருந்தது. பல்குச்சியால் லேசாகத் தொட்டேன். சட்டென்று சுருங்கி ஒரு பச்சைப் புள்ளியாகிவிட்டது. இரண்டு நிமிஷம் கழித்து ஒவ்வொரு இழையாக மறுபடி நீட்டியது. பள்ளிக்கூடப் பாடத்தில் ‘மொட்டு விடுதல்’ என்று படம் வரைந்து பாகம் குறித்த ஹைட்ரா, நேரில்.

செடியா பிராணியா என்று எனக்கு வந்த அதே சந்தேகம் 1740இல் ஆபிரகாம் டிரெம்ப்ளே என்ற சுவிட்சர்லாந்துக்காரருக்கும் வந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். பள்ளத்துத் தண்ணீரை ஜாடியில் எடுத்து வைத்தபோது இந்தப் பச்சை நூலைப் பார்த்தார். செடியாக இருந்தால் வெட்டினாலும் துளிர்க்கும் என்று நினைத்து இரண்டாக வெட்டினார். இரண்டு துண்டும் முழு ஹைட்ராவாக வளர்ந்தன. ஆனால் அது நடக்கவும் செய்தது, இரை பிடித்துத் தின்னவும் செய்தது. பிராணிதான் என்று முடிவு கட்டி 1744இல் புத்தகமே போட்டார். பச்சை நிறம் அதன் சொந்தம் இல்லை, உடம்புக்குள் குடியிருக்கும் பாசியினுடையது. துடைத்துத் தேய்த்து அழிக்க நினைப்பவர்கள் டிரெம்ப்ளேயை நினைத்துக்கொள்ளுங்கள், அறுந்த துண்டெல்லாம் பிழைத்துக்கொள்ளும். பெரிய மீனை ஒன்றும் செய்யாது, குஞ்சு மீனைக் கொட்டிப் பிடித்துவிடும்.

38ஆம் நாள், முன்மூலையில் தண்ணீர் ஓட்டமே இல்லாத இடத்தில் மணல்மேல் கரும்பச்சை விரிப்பு. ஓரத்தைக் கிள்ளித் தூக்கினால் ஆறிய பாலின் ஆடைபோல மொத்தமாக உரிந்து வந்தது. மோந்து பார்த்தேன், சேற்று நாற்றம். நீலப்பச்சைப் பாசி. பெயரில்தான் பாசி, உண்மையில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. ஃபோல்ட்ஸ்கோப்பில் இழை இழையாக, ஒவ்வொன்றும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஆஸிலடோரியா வகை, அந்தப் பெயரே ஆட்டத்தால் வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா எட்டிப் பார்த்தார். “இதத்தானேடா நாம நெல்லு வயலுக்குக் காசு குடுத்து வாங்கிப் போட்டோம்?” அது தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் வேறு வகை, அதுவும் நீலப்பச்சைப் பாசிதான். உரித்ததைத் துளசிச் செடிக்கு ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். எரித்ரோமைசின் போட்டால் போகும் என்கிறார்கள். வீட்டுத் தொட்டிக்கு ஆன்டிபயாடிக் எனக்குச் சரியாகப் படவில்லை. தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நாள் இருட்டில் வைத்தேன். ஃபில்டரை அந்த மூலைக்கு மாற்றினேன். பத்து மணி நேரம் எரிந்த விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். திரும்ப வரவில்லை.

46ஆம் நாள் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம். தண்ணீர் பழகிவிட்டது. மறுநாள் நண்பனின் கௌராமி மீன் ஒன்று விருந்தாளியாக வந்தது. கண்ணாடி ஓரமாக மேய்ந்து மேய்ந்து, ஒரு வாரத்தில் கண்ணுக்கு ஒரு ஹைட்ரா மிச்சமில்லை.

அது வருவதற்கு முந்தின ராத்திரியே மகள் இரண்டை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குக் கடத்திவிட்டாள். ஜன்னலோரத்தில் இருக்கின்றன. மொட்டைமாடித் தண்ணீரிலிருந்து சைக்ளாப்ஸ் என்ற பொடி நீர்ப்பிராணியைப் பிடித்துப் போடுவது அவள் வேலை. நேற்று எண்ணிப் பார்த்தாள், ஏழு.