அந்தப் பீக் எங்கிருந்து வந்தது?

மருந்து உருவாக்கம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புது மூலக்கூறைக் கண்டுபிடிக்கிறவர்கள். அடுத்து, அதை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கிற மருத்துவர்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பல ஆண்டுகள் நீளும் இன்னொரு வேலை இருக்கிறது. குப்பிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வேலை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்துவருவது அதைத்தான்: புரத மருந்துகளின் பகுப்பாய்வு.

ஆஸ்பிரின் மூலக்கூறில் இருப்பவை மொத்தம் 21 அணுக்கள், எடை 180 டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). குறிப்பிட்ட ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும் மருந்துப் புரதமான மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்றின் எடை சுமார் 1,50,000 டால்டன். அதில் 1,300-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. இதைக் குடுவையில் வேதிவினை நடத்தித் தயாரிப்பதில்லை. பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து வந்த செல்களை வளர்த்து, அவற்றையே தயாரிக்க வைக்கிறோம். செல் தன் போக்கில் சில வேலைகளைச் செய்யும். சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டும், ஒன்றில் ஒரு சர்க்கரை கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கும். புரதச் சங்கிலியின் கடைசியில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சிலவற்றில் வெட்டிவிடும், சிலவற்றில் விட்டுவிடும். ஆகவே குப்பியில் இருப்பது ஒரே மூலக்கூறு இல்லை, நெருங்கிய உறவுள்ள ஒரு கூட்டம். அந்தக் கூட்டம் பேட்சுக்கு பேட்ச் மாறாமல் இருக்கிறதா, மாறினால் அந்த மாற்றம் நோயாளியைப் பாதிக்குமா என்பதுதான் எங்கள் முன் இருக்கும் கேள்வி.

நான் தொடங்கியது ஜெல்லில், அதாவது கூழ் போன்ற ஒரு பலகைக்குள் புரதங்களை ஓடவிடும் முறையில். 1970-ல் லெம்லி என்ற விஞ்ஞானி வெளியிட்ட முறை இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் ஆய்வகங்களில் ஓடுகிறது. எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துப் புரதத்தின் மடிப்புகளை அவிழ்த்து, மின்சாரம் செலுத்தி, அளவுவாரியாகப் பிரிக்கும் முறை. ஆன்டிபாடியின் நான்கு சங்கிலிகளையும் சல்ஃபர் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. பிணைப்பை உடைத்து ஓட்டினால் 50 கிலோடால்டனில் ஒரு பட்டை, 25-ல் ஒரு பட்டை. உடைக்காமல் ஓட்டினால் 150-ல் ஒரே பட்டை வர வேண்டும். புதிதாக வருகிறவர்களைத் திகைக்க வைப்பது இந்த இரண்டாவது ஜெல்தான். 150-க்குக் கீழே படிப்படியாக மெல்லிய பட்டைகள் தெரியும். மருந்து உடைந்துவிட்டது என்று மனம் அவசரமாக முடிவு கட்டும். எங்கள் குழுவின் மூத்த விஞ்ஞானி ஒருவரிடம் அப்படி ஒரு ஜெல்லை யார் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்: “சூடாக்குறதுக்கு முன்னாடி என்ன சேர்த்தீங்க?” காரணம், பிணையாமல் தனியாக இருக்கும் சல்ஃபர் முனைகளை (தயால் தொகுதிகளை) அயோடோஅசிடமைடு போன்ற ஒரு வேதிப்பொருளால் மூடாமல் சூடாக்கினால், பிணைப்புகள் குழாய்க்குள்ளேயே இடம் மாறிக்கொள்ளும். சங்கிலிகள் கழன்று வரும். அந்தப் பட்டைகள் மருந்தில் இருந்தவை அல்ல, பார்க்கப் போன இடத்தில் நாங்கள் உண்டாக்கியவை.

இந்தத் தொழிலில் நான் கற்றதில் பெரும்பகுதி இந்த ஒரு சந்தேகத்தின் விரிவாக்கம்தான். இது மருந்தில் இருந்ததா, அளக்கும்போது வந்ததா? கருவி மாறும், முறை மாறும், கேள்வி மாறுவதில்லை.

மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு மாறியபோது இது இன்னும் கூர்மையானது. இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டறிய ஃபிரடெரிக் சாங்கருக்குப் பத்தாண்டு பிடித்தது. அதற்காக அவருக்கு 1958-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு ஆன்டிபாடியின் முழு வரிசையையும் இரண்டு மூன்று நாளில் சரிபார்த்துவிடலாம். அதற்குக் காரணம், பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் அயனிகளாக்கிக் காற்றில் எழுப்பும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. ஜான் ஃபென், கோய்ச்சி தனாகா இருவரும் 2002-ல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தனாகா மின்பொறியியல் படித்தவர், ஷிமாட்ஸு நிறுவனத்தின் ஊழியர். சோதனையில் ஒருநாள் கோபால்ட் தூளோடு தவறுதலாகக் கிளிசரின் கலந்துவிட்டது. அதைக் கொட்டிவிடாமல் கருவியில் வைத்துப் பார்த்தார், அதுவரை வராத சமிக்ஞை வந்தது. வந்த சமிக்ஞையை நம்பி, அது எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்த அவருடைய பொறுமைதான் எனக்குப் பிடித்தது.

சரி, எங்கள் மேசைக்கு வருகிறேன். பெப்டைடு மேப்பிங் என்றொரு முறை. டிரிப்சின் என்ற நொதி, லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து மட்டும் புரதத்தை வெட்டும். அந்தத் துண்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றின் எடையையும் அளந்தால் எந்த அமினோ அமிலம் மாறியிருக்கிறது என்று இடம் சுட்டிச் சொல்லலாம். மெத்தியோனினில் ஆக்சிஜன் ஏறினால் 16 டால்டன் கூடும். ஆஸ்பரஜின் அமைடை இழந்தால் ஒரு டால்டனுக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். இந்த இரண்டாவதைத்தான் டீஅமிடேஷன் என்கிறோம். ஆஸ்பரஜினுக்கு அடுத்து கிளைசின் இருக்கும் இடங்களில் இது எளிதாக நடக்கும்.

சிக்கல் என்னவென்றால், டிரிப்சின் நன்றாக வேலை செய்யும் சூழல் பி.எச். 8, வெப்பநிலை 37 டிகிரி. டீஅமிடேஷனுக்கும் அதே சூழல்தான் பிடிக்கும். இரவு முழுக்க வெட்ட விட்டால், மருந்தில் இல்லாத மாற்றம் காலையில் தயாராக இருக்கும். ஒருமுறை நிலைத்தன்மைச் சோதனையில் (சேமிப்பில் மருந்து மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை) இருந்த ஒரு சாம்பிளில் இப்படி ஒரு இடத்தில் டீஅமிடேஷன் ஏறிக்கொண்டே போனது. தயாரிப்புப் பிரிவு எங்கள் முறையைக் குறைசொன்னது. நாங்கள் அவர்களுடைய பஃபரை, அதாவது மருந்தின் பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசலைக் கைகாட்டினோம். வாக்குவாதத்தால் இதைத் தீர்க்க முடியாது என்று தெரிந்ததும், வழக்கமானதைவிடக் கனமான ஆக்சிஜன்-18 கொண்ட நீரில் வெட்டிப் பார்த்தோம். வெட்டும்போது புதிதாக நடந்த டீஅமிடேஷன் அந்தக் கனமான ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு இரண்டு டால்டன் கூடுதலாகக் காட்டும். முன்பே நடந்தது காட்டாது. ஒரு பகுதி எங்கள் முறையால் வந்தது, மீதி உண்மையாகவே மருந்தில் இருந்தது. அந்த இடம் ஆன்டிபாடி தன் இலக்கைப் பிடிக்கும் பகுதியில் இருந்ததால் விடவும் முடியவில்லை. பஃபரின் பி.எச்.-ஐ 6-க்குக் கீழே இறக்கியதும் வேகம் குறைந்தது. அப்புறம் எங்கள் முறையையும் குறைந்த பி.எச்.-க்கும் குறுகிய நேரத்துக்கும் மாற்றியமைத்தோம். என் பணிக்காலத்தில் நான் மிகவும் நேசித்த வேலை அது. இரண்டு தரப்பும் பாதி சரி என்று ஒரு சோதனை காட்டிக்கொடுத்த பிறகு, அந்த இரண்டு பிரிவுகளும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தன.

திரள்தல் இன்னொரு உலகம். புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குலுக்கினால், உறையவைத்து உருக்கினால், சிரிஞ்சின் சிலிக்கோன் எண்ணெய் பட்டால்கூட நடக்கும். கலவையை ஒரு குழல் வழியாக ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரிக்கும் குரோமடோகிராபியில் இதைப் பார்க்கிறோம். ஆனால் அந்த முறையில் சாம்பிள் நீர்த்துப்போகும்போது தளர்வான திரள்கள் பிரிந்துவிடலாம். பெரிய திரள்கள் குழலின் முகப்பிலேயே சிக்கிக்கொள்ளலாம். படம் அழகாக வரும், திரள் இல்லை என்று தோன்றும். அதனால்தான் ஒளிச்சிதறல், அதிவேக மையவிலக்கு என்று வேறு அடிப்படையில் இயங்கும் முறைகளிலும் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். செலவைக் காட்டி இதைக் குறைக்கச் சொல்லும்போது, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் புரதமான எரித்ரோபொய்ட்டினைப் பற்றிச் சொல்வேன். 1998-ல் ஐரோப்பாவில் விற்பனையான ஒரு தயாரிப்பில் புரதத்தை நிலையாக வைக்கச் சேர்த்திருந்த மனித ஆல்புமினை (ரத்தப் புரதம்) எடுத்துவிட்டு, அதே வேலைக்குப் பாலிசார்பேட் 80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்தார்கள். புரதம் அதேதான். அடுத்த சில ஆண்டுகளில், தோலுக்கடியில் ஊசி போட்டுக்கொண்ட சிறுநீரக நோயாளிகள் சிலரின் உடல் அந்த மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கியது. அது அவர்களுடைய சொந்த எரித்ரோபொய்ட்டினையும் முடக்கியது. சிவப்பணு உற்பத்தி நின்றுபோனது. ரப்பர் மூடியிலிருந்து கசிந்த பொருள்கள், திரள்கள் என்று பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. மூடியின் மேல் பூச்சு போட்டு, சேமிப்பில் கவனம் கூட்டி, தோலுக்கடியில் போடுவதைத் தவிர்த்த பிறகு எண்ணிக்கை குறைந்தது. புரதத்தைச் சுற்றி இருப்பதும் மருந்தின் ஒரு பகுதிதான்.

2008-ன் ஹெப்பாரின் சம்பவம் புரதம் பற்றியது இல்லை. ஆனாலும் புதியவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடுவதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினில், அதிக சல்ஃபேட் ஏற்றிய கோண்ட்ராய்ட்டின் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலிப் பொருள் கலந்திருந்தது. அதற்கும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் கொஞ்சம் இருந்ததால், அன்று வழக்கத்தில் இருந்த சோதனைகளில் அது தேறிவிட்டது. நோயாளிகள் இறந்தார்கள். கடைசியில் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர்., நுண்குழாயில் மின்சாரத்தால் பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ் இரண்டிலும்தான் அது பிடிபட்டது. சோதனைகள் பொய் சொல்லவில்லை. அந்தப் பொருள் இருக்கிறதா என்று அவற்றிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

வேலையின் இன்னொரு பக்கம் காகிதம். அனுமதித்த அளவின் எல்லையை மீறிய முடிவு வந்தால், சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிக்க முடியாது. ஆய்வகத்தில் காரணம் இருக்கிறதா என்று முதலில் விசாரித்து, எழுதி, கையெழுத்திட்ட பிறகுதான் அடுத்தது. யார் எந்தப் பீக்கின் (கருவி வரையும் கோட்டில் எழும் மேட்டின்) எல்லைக்கோட்டை எப்போது நகர்த்தினார்கள் என்பதைக்கூட மென்பொருள் பதிந்துவைக்கும். இளைஞர்கள் இதை அலுப்பாக நினைக்கிறார்கள். எனக்கு இது பாதுகாப்பு. கெடு நெருங்கி, மேலிருந்து அழுத்தம் வரும்போது, அந்தப் பதிவு என் பக்கம் நிற்கும்.

மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் பத்து மருந்துகளில் ஏறக்குறைய ஒன்பது அங்கீகாரம் பெறாமலே நின்றுவிடுகின்றன. நான் முறைகள் உருவாக்கிய மருந்துகளும் அப்படித்தான், பெரும்பாலானவை வெளியே வரவில்லை. ஒரு திட்டம் மூடப்படும்போது ஒவ்வொரு பேட்சையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டின் குப்பிகளை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் கணக்கு முடிப்பது கஷ்டமான வேலை. அந்த மூலக்கூறின் ஒவ்வொரு சர்க்கரையும் நமக்குத் தெரிந்திருக்கும். கட்டியைச் சுருக்காது என்று மருத்துவச் சோதனை சொல்லிவிட்டால் அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் அதில் பழகிய கையும் முறையும் அடுத்த மூலக்கூறுக்கு வந்துவிடுகின்றன. டீஅமிடேஷனுக்காக அன்று மாற்றியமைத்த அந்தக் குறைந்த பி.எச். முறை, அந்த மருந்து நின்றுபோன பிறகும் வேறு மூன்று திட்டங்களில் ஓடுகிறது.

இப்போது வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரு குரோமடோகிராமை, அதாவது குரோமடோகிராபிக் கருவி வரைந்த படத்தைக் காட்டுவேன். அதில் எதிர்பாராத ஒரு சின்னப் பீக் இருக்கும். சிலர் உடனே ஆக்சிடேஷன் என்பார்கள், சிலர் அசுத்தம் என்பார்கள். வெறும் பஃபரை ஓட்டியபோது அந்தப் பீக் இருந்ததா, சாம்பிள் எத்தனை மணி நேரம் கருவியில் காத்திருந்தது என்று கேட்கிறவர் வந்தால், அவரோடு பேச்சு நேர்முகத்தின் நேரத்தைத் தாண்டிப் போய்விடும். போன மாதம் அப்படி ஒருவர் வந்தார், கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் சேருகிறார். அவருக்கு முதல் வேலையாக ஜெல் ஓட்டத்தான் கொடுக்கப் போகிறேன்.