கலங்கி வந்த தண்ணீர்

தென் மாவட்டம் ஒன்றில் உதவிப் பொறியாளராகப் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, நவம்பர் மாதத்தின் ஒரு விடியற்காலையில், கண்மாய் ஒன்றின் நடுமடைக்குப் பக்கத்தில் கரையின் வெளிச்சரிவு அடியில் ஊற்று கிளம்பியிருப்பதாகத் தகவல் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, வயல்களுக்குத் தண்ணீரைப் பிரித்துவிட்டுக் கரையையும் பார்த்துக்கொள்ளும் அவ்வூரின் நீர்ப்பாய்ச்சி, எழுபது வயதைத் தொட்டவர், ஊற்றின் ஓரத்தில் குத்துக்காலிட்டு அமர்ந்து ஓர் எவர்சில்வர் டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு ஒரு கல்லின்மேல் வைத்திருந்தார். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றார். சில நிமிடங்களில் டம்ளரின் அடியில் மாவு போன்ற மெல்லிய மண் படிந்தது. "தெளிஞ்சு வந்தா கசிவு. கலங்கி வந்தா கரையே வருதுன்னு அர்த்தம்" என்றார்.

ஊற்றின் வாயில் மணல் மூட்டைகளைப் போட்டு அடைத்துவிடலாம் என்று நான் சொன்னேன், அவர் தடுத்தார். வெளியேறும் வாயை அடைத்தால் உள்ளிருக்கும் அழுத்தம் வேறோர் இடத்தைக் கிழித்துக்கொண்டு வரும் என்பதை நானும் படித்திருந்தேன், ஆனால் பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ஊற்றைச் சுற்றி வட்டமாக மூட்டைகளை அடுக்கி, உள்ளே முதலில் மணலும் அதன்மேல் ஜல்லியும் கொட்டினோம். தண்ணீர் வட்டத்துக்குள் உயர உயர அதன் வேகம் தணிந்தது. மண் உள்ளேயே நின்று தண்ணீர் மட்டும் வடிந்தது. அவரோ உட்புறம் போய் நீர்ப்பரப்பில் உமியைத் தூவி, அது எங்கே சுழன்று இறங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் வைக்கோலையும் களிமண்ணையும் திணிக்கச் சொன்னார். மற்ற மடைகளைத் திறந்து நீர்மட்டத்தையும் குறைத்தோம். கரை நின்றது. கோடையில் தோண்டிப் பார்த்தபோது, கரைக்கு அடியில் தண்ணீரைக் கொண்டுபோகும் மடையின் பழைய செங்கல் தூம்பு விரிசல் கண்டிருந்ததும், அந்த விரிசலை ஒட்டி ஒரு சீமைக்கருவேல வேர் மட்கிப்போய்க் குழாயைப் போல வெற்றிடம் விட்டிருந்ததும் தெரிந்தது.

அக்கரையின் உயரம் 4 மீட்டருக்கும் குறைவு. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து, 500 மீட்டர் நீளம் அல்லது 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றையாவது நிறைவு செய்யும் அணைகளையுமே தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் கட்டாய ஆய்வு என்ற நல்ல விதி அவற்றுக்கு உண்டு. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரிகளிலும் கண்மாய்களிலும் பெரும்பாலானவற்றின் கரைகள் இந்த உயரத்தை எட்டுவதில்லை. அவற்றின் பொறுப்பு ஆயக்கட்டின், அதாவது அவற்றால் பாசனம் பெறும் நிலத்தின், அளவை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது: 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு. உயரமும் ஆயக்கட்டும் ஏட்டில் எளிதாகக் குறிக்கக்கூடியவைதான். ஆனால் கரை உடைந்தால் தண்ணீர் எத்தனை வீடுகளுக்குள் புகும் என்பதை இவ்விரண்டு அளவுகளில் எதுவும் சொல்வதில்லை.

அதோடு, நம் கண்மாய்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல. மேல் கண்மாய் நிரம்பினால், உபரிநீர் வழிந்தோடக் கரையில் தாழ்வாகக் கட்டப்பட்ட கலுங்கின் வழியே நீர் கீழ் கண்மாய்க்குப் போகிறது. மேலே ஒன்று உடைந்தால் அதன் மொத்த நீரும் கீழே உள்ள கரையின்மேல் ஒரே நேரத்தில் வந்து மோதுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்து ஊர்கள் துண்டிக்கப்பட்டதைப் பார்த்தோம். அத்தகைய மழைக்கு எந்தச் சிறு கரையும் வடிவமைக்கப்படவில்லை என்பது உண்மைதான். ஆயினும் கலுங்குக்குப் பின்னுள்ள உபரிநீர் ஓடை திறந்திருக்கும் குளத்துக்கும், ஓடையில் சுவர் எழும்பிவிட்ட குளத்துக்கும் உள்ள வேறுபாடு அத்தகைய மழையிலும் வெளிப்படும் என்றே என் அனுபவம் சொல்கிறது.

கலுங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரைகளுக்கு நேரும் கேடுகளில் நான் மிகவும் அஞ்சியது, இரண்டாம் போகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலுங்கின் மேல் மூட்டை அடுக்குவதுதான். இதைச் செய்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. கருகும் பயிரைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கரைக்கு மேல் விட வேண்டிய இடைவெளியைப் பற்றிப் பேசுவது கடினம். ஆனால் அந்த இரண்டடி இடைவெளிதான் பெருமழை இரவில் தண்ணீர் கரை மீறாமல் காப்பது, மண்கரையோ ஒருமுறை மீறிவிட்டால் நிற்காது.

2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்னும் சிறு பாசன மண் அணை இரவில் உடைந்து 20க்கு மேற்பட்டோர் வீடுகளோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். அணை கசிவதாக ஊர்மக்கள் முன்பே முறையிட்டிருந்தனர். நண்டுகளே காரணம் என்று பின்னர் ஒரு விளக்கம் தரப்பட்டது. நண்டு வளையும் எலி வளையும் கரையைக் கெடுக்கும், நானே பலவற்றை மூடியிருக்கிறேன். ஆனால் கரையின்மேல் ஆள் நடந்தால் கண்ணில் படக்கூடியவை அவை.

அந்த நடை இப்போது குறைந்துவிட்டது. நீர்ப்பாய்ச்சிக்கு ஊர் அளந்து கொடுத்த நெல் நின்றபோது, கரையைக் காலால் அறிந்த மனிதரும் நின்றுபோனார். அவருக்குப் பதிலாகப் பொக்லைன் வந்தது. அது ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகும் மண், ஈரம் பார்த்து அடுக்கடுக்காக இறுக்கப்படாததால், முதல் மழையிலேயே உள்வாங்குவதைக் கண்டிருக்கிறேன்.

நான் இடமாறுதலில் போகும்போது அடுத்து வந்தவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். என் பொறுப்பிலிருந்த ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு பக்கம்: கசிவு இருக்கும் இடம், அதன் நீர் தெளிவா கலங்கலா, கலுங்கின் நிலை, கரைக்குக் கீழே உள்ள வீடுகள், கடைசியாக யார் எந்தத் தேதியில் கரையை முழுவதும் நடந்து பார்த்தார்கள். சட்டம் 4 மீட்டர் கரைக்கும் இறங்கி வரும் என்றால், எல்லாவற்றுக்கும் முன்னதாக அந்தக் கடைசி இரண்டு விவரங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பேன்.