சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்

பைக் திருடு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எஃப்.ஐ.ஆர். கைக்கு வர மூன்று வாரம் ஆனது.

முதலில் போன ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டது, "சைடு லாக் போட்டீங்களா?" போட்டேன். "அப்புறம் எப்படிப் போகும்?" அது தெரிந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்! புகாரைப் படித்துவிட்டு, அந்தத் தெரு எங்கள் லிமிட் இல்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் போங்கள் என்றார். போனேன். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அப்போது தெரியாது.

அங்கே எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்ததற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. மனு வாங்கினோம் என்பதற்கான சீட்டு அது, வழக்குப் பதிவானதாக அர்த்தமில்லை. நான் என்னவோ வேலை முடிந்த சந்தோஷத்தில் வந்துவிட்டேன். இன்சூரன்ஸில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "எஃப்.ஐ.ஆர். எங்கே?" என்றார்கள்.

மறுபடி ஸ்டேஷன். "தேடிக்கிட்டுதான் இருக்கோம் சார்." இப்படியே நான்கு நடை. ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து, நின்றுகொண்டே சொல்ல வேண்டும். என் வண்டியை நானே திருடியது மாதிரி ஒரு பார்வை வேறு.

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் மாமா பையன்தான் வழி சொன்னான். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4)படி புகாரை எழுத்தில், தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் ஒரு வரி சேர்த்தோம். சி.எஸ்.ஆர். நகலோடு ஸ்பீடு போஸ்ட்டில் போட்டேன்.

ஆறாம் நாள் ஸ்டேஷனிலிருந்தே போன். "என்ன சார், மேல வரைக்கும் போயிட்டீங்க? எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே!" சரி, விடுங்கள். அன்று நாற்காலி கிடைத்தது. டைப் செய்த பெண் காவலர் முழுவதும் படித்துக் காட்டினார். சேஸிஸ் நம்பரில் ஒரு எழுத்து மாறியிருந்ததை அவரே பிடித்துத் திருத்தினார். முதல் நாளே இவர் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா!

நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆருக்காகக் காத்திராமல் அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். இரண்டு சாவியையும் பத்திரமாக வையுங்கள், கேட்பார்கள்.

வண்டி இன்னும் கிடைக்கவில்லை. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் அவர்களே எனக்குத் தெரிவிக்க வேண்டுமாம். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.