எந்த வரி?

எங்கள் பள்ளி வரலாற்று மாஸ்டர் காலமாகி ஓராண்டு நிறைவதால் அவரைப் பற்றி எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு கேட்டிருந்தது. நான் லண்டனில் குற்றவியல் வழக்குகளில் எதிரிகளுக்காக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக, பெரும்பாலும் மேன்முறையீடுகளில், தோன்றும் சட்டத்தரணி. என் தொழிலைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது.

தவணைப் பேப்பர் திருப்பித் தரும் நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். "புள்ளி குறைஞ்சு போச்சு சேர்" என்று எழும்பி நின்றால் மாஸ்டர் காதிலே போட்டுக்கொள்ள மாட்டார். "குறைஞ்சது எனக்கும் தெரியும். எந்த வரியிலே நான் பிழை விட்டனான்? எழுதிக்கொண்டு வா" என்பார். அரைத்தாளில், வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு முன்னால். திங்கட்கிழமை கொண்டுபோனால் வாங்கமாட்டார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் அதே பதில்தான்.

ஒருமுறை, வகுப்பில் வாயே திறக்காத கடைசி வாங்குப் பெடியன் ஒருவன் அரைத்தாள் கொடுத்தான். அவனுடைய விடையின் மிச்சம் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. மாஸ்டர் தாளைத் திருப்பவில்லை. அவர் எங்கள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று "பிழை என்னுடையது" என்றார். பதிவேட்டில் பழைய புள்ளியைச் சிவப்பு மையால் வெட்டி, புதியதை எழுதி, பக்கத்தில் கையொப்பம் வைத்தார். பிறகு எத்தனையோ நீதிபதிகள் முன் நின்றிருக்கிறேன். தன் பிழையை அவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டவர்களை அதிகம் கண்டதில்லை.

மேன்முறையீடு என்றால் வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அங்கே ஜூரி இல்லை, சாட்சிகளும் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. இங்கிலாந்தில் குற்றத்தீர்ப்பு வந்து 28 நாட்களுக்குள் காரணங்களை எழுதிக் கொடுக்கவேண்டும். முதலில் ஒரேயொரு நீதிபதி தாள்களை மட்டும் வாசித்து, அனுமதிப்பதா இல்லையா என்று முடிவெடுப்பார். பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும். 'என் கட்சிக்காரர் நிரபராதி' என்று எழுதினால் எதுவும் அசையாது. விசாரணையில் எது பிழைத்தது, அதனால் இந்தத் தீர்ப்பை ஏன் நம்பியிருக்க முடியாது என்று காட்டவேண்டும். அதே அரைத்தாள்தான்.

ஒரு கொள்ளை வழக்கு நினைவுக்கு வருகிறது. இரவு நேரம், ஒரே சாட்சி, சில விநாடிப் பார்வை. ஜூரிக்கு நீதிபதி சொன்ன தொகுப்புரையை எழுத்தில் எடுத்து, நள்ளிரவு தாண்டியும் வாசித்தேன். மனதார நம்பிச் சொல்லும் சாட்சியும் ஆளை மாற்றிச் சொல்லக்கூடும் என்று எச்சரிக்கவேண்டும், அடையாளத்தில் உள்ள பலவீனங்களையும் ஜூரிக்கு எடுத்துக்காட்டவேண்டும் என்பது 1976 டர்ன்புல் தீர்ப்பிலிருந்து இங்குள்ள விதி. எச்சரிக்கை இருந்தது. ஆனால் அந்தச் சாட்சி முதல்நாள் பொலிசுக்குச் சொன்ன உயரமும் தாடியும் என் கட்சிக்காரரோடு பொருந்தவில்லை என்பது தொகுப்புரையில் எங்குமே இல்லை. பத்திக்குப் பத்தி தேடினேன், இல்லவே இல்லை. தீர்ப்பு ரத்தானது. "உண்மையில் செய்தவன் அவன்தானோ?" என்று நண்பர்கள் கேட்பார்கள். அப்படிச் சிறைக்கு அனுப்புவது யாருக்கும் நியாயமில்லை என்பதே என் பதில், இன்றைக்கும்.

மேன்முறையீடு என்ற இந்த வாசலும் சும்மா திறக்கவில்லை. 1896இல் அடொல்ஃப் பெக் என்பவரை, பெண்களை ஏமாற்றி நகை பறித்தவர் என்று பல பெண்கள் அடையாளம் காட்டினார்கள். ஏழு ஆண்டுச் சிறை. ஆள் வேறு என்று காட்டும் உடற்குறிப்பு சிறைப் பதிவேட்டிலேயே கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்போது இல்லை. 1904இல் அவரையே மறுபடியும் குற்றவாளியாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் 1907 சட்டம் வந்து அந்த நீதிமன்றத்தை உண்டாக்கியது.

சரி, ஊருக்கு வருகிறேன். இலங்கையின் பொதுச் சட்டத்தில் பொலிசிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் ஆகும். வற்புறுத்தி வாங்கினார்கள் என்றால் அதை எதிரியே நிரூபிக்கவேண்டும். சிங்கராசா வழக்கில் ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. அதற்குப் பெருவிரல் அடையாளம் வைத்தவருக்குத் தெரிந்ததோ தமிழ். 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது, குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது. நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. நான் அந்த ஆண்டுகளில் இங்கே வேறு ஆட்களின் கோப்புகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வகுப்பில் ஒருவன் போகாமல் நின்று அங்கேயே சட்டத்தரணியானான். அத்தகைய வழக்குகளை அவன்தான் சுமந்தான். மாஸ்டர் கடைசிவரை அவனைக் கூப்பிட்டு வழக்கு விவரம் கேட்பாராம். இங்கே செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான் நின்றிருக்கவேண்டிய இடம் எது என்று மனம் கேட்கிறது. அவன் சொல்வது ஒன்றுதான்: இரண்டு மொழியிலும் கோப்பு வாசிக்கத் தெரிந்த இளம் சட்டத்தரணிகள் போதாது. ஆகவே மாஸ்டர் பெயரில் சங்கம் எதையாவது தொடங்குவதானால், சட்டம் படிக்கப் போகும் நம் பள்ளிப் பிள்ளைகள் சிங்களத்தையும் முறையாகப் படிக்க ஒரு நிதியாகத் தொடங்குவோம். முதல் பங்கை நான் தருகிறேன்.