முதலாளி சொல்லாமல் விட்ட பதில்கள்

காரைக்குடிப் பக்கம் யாராவது தொழிலுக்குப் புதிதாக சாஃப்ட்வேர் போட்டு அது சொதப்பிவிட்டால், அடுத்து வரும் வசனம் எனக்கு மனப்பாடம்: "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்." சில சமயம் அது உண்மைதான். ஆனால் நான் பக்கத்திலிருந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை முதலாளியின் மேஜையில்தான் கெட்டுப்போயின. அவர் எடுக்க வேண்டிய முடிவுகளை அவர் எடுக்கவில்லை. பணம் கொடுத்தாயிற்று, இனி அவர்கள் பாடு என்று விட்டுவிட்டார்.

ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறை. விவரம் தெரியாதவர்களுக்காக: அந்தக் கல்லை மெஷினில் செய்வதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்குப் பளபளப்பாக வருகிறது. கலவை கை வேலை என்பதால் இன்று கலக்கிய சிவப்பும் அடுத்த வாரம் கலக்கும் சிவப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. பட்டறையில் கல் அடுக்கும் ஆளுக்குக்கூட இது தெரியும்.

சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அது எல்லாவற்றையும் கூட்டி, '10க்கு 10, சிவப்புப் பூ, இருப்பு 1,200' என்று காட்டியது. வெளியூரிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் 1,000 கல் கேட்டார். ஆபீஸில் பில் போட்டு அட்வான்ஸும் வாங்கிவிட்டார்கள். அப்புறம் பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் நாலு விதமான சிவப்பு! ஒரே ஹாலில் அதை எப்படிப் பதிப்பது?

இதில் வேடிக்கை என்னவென்றால், "பேட்ச் வாரியாக, அதாவது ஒவ்வொரு கலவைக்கும் தனித்தனியாக, இருப்பு வைக்கணுமா சார்?" என்று சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன் ஆரம்பத்திலேயே கேட்டிருக்கிறான். "அதெல்லாம் வேண்டாம் தம்பி, சிம்பிளா இருக்கட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் முதலாளி. ஆனால் பில்லின் தலைப்பு அப்பா காலத்துப் பில் புத்தகம் மாதிரியே வர வேண்டும், பிள்ளையார் சுழி அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று அதே பையனை வாரக்கணக்கில் அலைய விட்டார். கல் அடுக்குகிற அண்ணனை அந்தப் பேச்சுக்கு யாரும் கூப்பிடவே இல்லை.

சின்ன ஊர், சின்னத் தொழில், அதனால் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனமான லிடில் 2011ல் எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளுக்கு மாறத் தொடங்கியது. அந்த மென்பொருள் சரக்கை விற்கும் விலையில் மதிப்பிடும். லிடிலின் வழக்கமோ வாங்கிய விலையில் மதிப்பிடுவது. வழக்கத்தை விட மாட்டோம் என்று மென்பொருளைத் தங்களுக்கு ஏற்ப வளைத்தார்கள், அது மேலும் மேலும் சிக்கலானது. 2018ல் திட்டத்தையே கைவிட்டார்கள். சுமார் 50 கோடி யூரோ போயிற்று என்று செய்தி வந்தது.

தொழிலில் எந்தப் பழக்கத்தை விடவே கூடாது, எதை விட்டால் ஒன்றும் ஆகாது என்பதை முதலாளியைத் தவிர யாரும் சொல்ல முடியாது. டைல்ஸ் பட்டறைக்குக் கலர் வித்தியாசம் உயிர். பிள்ளையார் சுழி எந்த மூலையில் இருந்தாலும் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் இரண்டையும் தலைகீழாக முடிவு செய்தார்.

அடுத்தது தேதி. இங்கே புதுக் கணக்கு என்றால் விஜயதசமி. நல்ல நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மூன்று வாரத்துக்குள் தீபாவளி. சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம் என்று பார்சல் பறக்கிற நேரத்தில் பலகாரக் கடைக்காரர் புது பில்லிங் சாஃப்ட்வேரைத் தொடங்குவது தற்கொலைக்குச் சமம். அமெரிக்க சாக்லேட் கம்பெனி ஹெர்ஷி 1999ல் இதைத்தான் செய்தது. ஏப்ரலில் தொடங்க வேண்டிய புது அமைப்பு ஜூலைக்குத் தள்ளிப்போய், ஹாலோவீன் என்ற அவர்களுடைய அக்டோபர் பண்டிகைக்கு ஆர்டர்கள் குவிகிற நேரத்தில் வந்து விழுந்தது. கிடங்கில் சாக்லேட் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. என்னைக் கேட்டால் பூஜையை வைகாசியில் போட்டுவிட்டு ஆடியில் ஓட்டிப் பாருங்கள். கல்யாண ஆர்டர் இருக்காது, தப்பு வந்தாலும் தாங்கும். (ஜவுளிக்கடைக்காரர்கள் மன்னிக்கவும், உங்களுக்கு ஆடித் தள்ளுபடி இருக்கிறது.)

பேரேடும் ஐந்தொகையும் (வருஷ முடிவுக் கணக்கு) நமக்குப் பிறவியிலேயே வந்தவை என்று இந்த ஊரில் ஒரு பெருமை உண்டு. சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் தேவகோட்டையில் உட்கார்ந்திருந்த முதலாளிக்குக் கடல் தாண்டி பர்மாவில் இருந்த கடையின் நிலவரம் தெரிந்திருந்தது. அங்கிருந்த ஏஜென்ட் கணக்கு அனுப்பியே ஆக வேண்டும், இவரும் அதைப் படித்துக் கேள்வி கேட்பார். இப்போது பக்கத்துத் தெருவில் ஓடும் வேலையில் என்ன கோளாறு என்பது வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்டிய பிறகுதான் முதலாளிக்குத் தெரிகிறது. நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் "நல்லா போகுது ஐயா" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். கெட்ட செய்தி கொண்டுவந்தவனை ஒருமுறை கத்தி அனுப்பியிருந்தால் அப்புறம் யார் வந்து சொல்வார்கள்? பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018ல் கணினி மாற்றியபோது சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். பின்னால் வந்த விசாரணை அறிக்கை, இயக்குநர் குழு போதுமான கேள்விகளைக் கேட்கவில்லை என்றது.

சரி, ஏற்கெனவே கெட்டுவிட்டது, இப்போது என்ன செய்வது? முதலில் ஆளைத் தேடாதீர்கள். நம் டைல்ஸ் முதலாளி, இருப்பு குறைகிறது என்று கம்ப்யூட்டர் சொன்னதும் "யார் எடுத்தது?" என்றுதான் கேட்டார். உடைந்த கல்லைக் கணக்கில் கழிக்க அதில் வழியே வைக்கவில்லை, அவ்வளவுதான். பிரிட்டன் தபால் துறையில் ஹொரைசன் என்ற மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 900க்கும் மேற்பட்ட கிளைத் தபால் நிலையப் பொறுப்பாளர்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். திரையில் வரும் எண்ணும் தப்பாக இருக்கலாம் என்று முதலாளி வாயால் சொன்னால்தான் கீழே இருப்பவன் வாயைத் திறப்பான்.

பிறகு சுருக்குங்கள். பட்டறையில் ஸ்டாக் பகுதியை நிறுத்திவிட்டு பில்லும் ஜிஎஸ்டியும் மட்டும் ஓட விட்டார்கள். இருப்பு பழையபடி நோட்டுக்குப் போனது. ஒவ்வொரு அடுக்கிலும் சாக்பீஸால் கலவைத் தேதி எழுதச் சொன்னோம். அந்தப் பழக்கம் ஊறிய பிறகுதான் தேதி வாரியான இருப்பு கம்ப்யூட்டரில் ஏறியது. கல் அடுக்குகிற அண்ணன் சரி என்று சொன்ன பிறகே கடைசித் தவணைப் பணம் போயிற்று. அதுவரை செலவழித்ததை நினைத்து முதலாளி புலம்பியது தனிக்கதை. வராக்கடனைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தள்ளுகிற ஊரில் சாஃப்ட்வேருக்குப் போட்ட பணத்தை மட்டும் ஏனோ தள்ள மனம் வருவதில்லை. போட்டுவிட்டோமே என்று இன்னும் இன்னும் போடுவார்கள்.

இப்போது அவர் மகன் மொபைல் ஆப் வேண்டும் என்கிறான். சைட்டில் இறக்கும்போது உடைகிற கல்லை அதில் யார் பதிவார்கள், லாரி டிரைவரா, மேஸ்திரியா என்று கேட்டேன். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். அந்தப் பதில் வராமல் யாரிடமும் கொட்டேஷன் வாங்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.